மருந்து கேட்டவன்

சென்ற வாரம் அக்கா மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். புத்தகப் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, நான் வாங்கி வைத்திருந்த முட்டை பப்ஸைப் பிய்த்துத் தின்றுகொண்டே அன்றைய செய்திகளை வாசிக்கத் தொடங்கினாள். கணக்கு மிஸ்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கேன்டீனில் சமோசாவைச் சின்னதாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அது வந்தது, அதுவும் வாய் நிறையப் பப்ஸோடு.

"இன்னைக்கு கவுன்சிலர் மேம் வந்தாங்க மாமா. பசங்களுக்குப் பசங்களப் புடிக்கறது, பொண்ணுங்களுக்குப் பொண்ணுங்களப் புடிக்கறது, அதப் பத்தியெல்லாம் பேசுனாங்க. அது நோயெல்லாம் கெடையாதாமா. அதச் சொல்லி யாரையும் கிண்டல் பண்ணக் கூடாதாமா."

"அப்புறம்?"

"அப்புறம் பெல் அடிச்சுட்டாங்க."

அவ்வளவுதான். பெல் அடித்துவிட்டார்கள், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். அடுத்த செய்தியாக ஒருத்தி செருப்பைத் தொலைத்த கதைக்கு அவள் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, பதினான்கு வயதுப் பிள்ளைமேல், அதுவும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைமேல், அப்படி ஒரு பொறாமை வந்தது. அந்தப் பொறாமை வெளியே தெரிந்துவிடாமல் இருக்க, "சிந்தாமத் தின்னு கண்ணு" என்று அதட்டினேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நாற்பதை நெருங்குகிற ஆள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட நிறம் வேறு, சாயப்பட்டறையிலிருந்து வந்த நிறம் வேறு என்று இருவருக்கும் நடுவில் நின்று கெஞ்சுகிற உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. பெண்கள்மேல் எனக்கு அந்த மாதிரியான ஆசை ஒருநாளும் வந்ததில்லை. ஆண்கள்மேல்தான். இதை இன்று உங்களுக்கு இரண்டு வரியில் எழுதிவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள எத்தனையோ வருடங்கள் ஆயின.

பப்ஸ் வாசனை என்னை எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப் போகும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. மதியம் மூன்று மணிக்கு அவர்கள் அடுப்பைத் திறந்தால், சாலையைத் தாண்டி, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, பிளஸ் டூ வகுப்பு ஜன்னல் வழியாக அந்த வெண்ணெய் வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஊரில் எங்கு பார்த்தாலும் புதிது புதிதாகக் கம்பெனிகள். எங்கள் வகுப்பில் என்னைப் போல் பாதிப்பேர் கம்பெனி வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், மீதிப்பேர் அந்தக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். கரும்பலகை துடைப்பதற்குக்கூட டஸ்டர் வாங்க மாட்டார்கள். யாராவது ஒரு பையன் அப்பாவின் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து போடுவான். வருடம் முழுக்க அதுதான். ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று ஏதோ ஒரு நாட்டுக் குழந்தையின் கழுத்துப்பட்டியை வைத்துக் கணக்கு சார் கணக்கை அழிப்பார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள், ஒரு பாடத்தைத் தவிர. விலங்கியல் சார் நல்ல மனிதர். தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். இனப்பெருக்கம் என்ற பாடம் வந்ததும் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இத ஊட்டுல படிச்சுக்குங்கப்பா. பரிட்சைக்கு வராது."

வந்தது. பத்து மார்க்.

ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்டதற்கே இந்தக் கதி என்றால் மற்றதை யார் பேசுவார்கள்? பேசத்தான் மாட்டார்களே தவிர, திட்டுவதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். சொல்கூட இல்லை, ஓர் எண். கொஞ்சம் நளினமாக நடக்கிற, மெல்லிய குரலில் பேசுகிற பையன் எவனாக இருந்தாலும் அவன் பெயர் 'ஒம்போது'. எங்கள் வகுப்பில் அந்தப் பெயர் செல்வினுக்கு. விளையாட்டு வாத்தியாரே அவனை அப்படித்தான் கூப்பிடுவார். கணக்கு சார் ஒன்பது என்று விடை சொன்னால் வகுப்பே சிரிக்கும். பாவம் அவர், தான் ஏதோ நகைச்சுவையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துத் தானும் சிரிப்பார்.

செல்வினுடைய குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தது. அப்பா இல்லை. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை விழுந்ததையும் தையல் விட்டதையும் ஒதுக்குகிற வேலை. வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். செல்வின் கணக்கில் புலி. அவனுக்குப் பக்கத்தில் கார்த்தி உட்கார்ந்திருந்தான்.

கார்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலிபால் ஆடுவான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே தூங்குவான். டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாயைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். அவ்வளவுதான் அவன். வேறொன்றும் பிரமாதமாக இல்லை. ஆனால் எனக்கு அவன் வராத நாளில் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி இருக்கும். வேறு எவனும் செல்வின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றபோது, "நகர்ரா" என்று பையைப் போட்டு உட்கார்ந்தவன் கார்த்தி. கணக்கு போட்டுத் தர ஆள் கிடைத்தது என்பதுதான் அவனுடைய காரணம். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் அவர்களுக்குப் பின் பெஞ்சு. கார்த்தி கொடுக்கும் முதல் வாய் செல்வினுக்குப் போவதைத் தினமும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு என் தயிர்சோற்றைத் தின்றேன்.

பொறாமை அத்தோடு நிற்கவில்லை. அந்த வருடம் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனும் காமர்ஸ் குரூப் பெண் ஒருத்தியும் தண்ணீர்த் தொட்டி அருகே பேசிக்கொண்டிருந்ததைப் பிரின்சிபால் பிடித்துவிட்டார். மறுநாள் பிரேயரில் முழுப் பள்ளிக்கூடத்தையும் வெயிலில் நிறுத்தி, காதல் என்பது படிக்கிற வயதில் எப்படி ஒரு படுகுழி என்று பேசினார். பையன்கள் உள்ளுக்குள் நெளிந்தார்கள். நான் அந்தப் பையனைப் பார்த்து ஏங்கினேன். திட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், சரி. ஆனால் அவன் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காதல் என்று மைக்கில் சொல்கிறார்கள். எனக்குள் இருந்ததற்கு அந்த மைக்கில் என்றைக்கும் இடமில்லை. அடி வாங்குவதற்குக்கூடப் பொறாமைப்பட்ட ஒரே பையன் நானாகத்தான் இருப்பேன்.

அரைப் பரீட்சை முடிந்த சமயம், பிளஸ் டூ பையன்களை மட்டும் மேல்மாடி ஹாலில் உட்காரவைத்தார்கள். ஒரு டாக்டர் வந்திருந்தார். எய்ட்ஸ் விழிப்புணர்வும் நல்லொழுக்கமும் என்று போர்டில் எழுதியிருந்தது. அவர் ஊசி, ரத்தம், லாரி டிரைவர்கள் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். பாதிப்பேர் தூங்கினார்கள். கார்த்தி முதலாவதாகத் தூங்கினான். திடீரென்று டாக்டர் குரலைத் தணித்து, "இன்னொண்ணும் இருக்குது. ஆம்பளைக்கு ஆம்பள மேலயே ஆசை வர்றது. அது ஒரு மனநோய். வெளிநாட்டுல இருந்து வந்த பழக்கம். அதுல விழுந்தவன் வாழ்க்கை முடிஞ்சுது" என்றார்.

எனக்கு வெளிநாடு என்றால் அப்பா கம்பெனியில் அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் விலாசம்தான். அங்கேயிருந்து எனக்குள் இது எப்படி வந்தது?

"எதாச்சும் டவுட் இருக்காப்பா?" என்று கேட்டார். யாரும் எழமாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்கிற கேள்வி அது.

செல்வின் எழுந்தான்.

"சார், அது நோயின்னா அதுக்கு மருந்து என்னது சார்?"

கிண்டல் இல்லை. வயிற்றுவலிக்கு மருந்து கேட்கிற மாதிரி கேட்டான். டாக்டர் சிரித்தார். "யாருக்குப்பா மருந்து?"

"எனக்குத்தான் சார்."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கார்த்தி தூக்கம் கலைந்து என்ன நடந்தது என்று அக்கம்பக்கம் பார்த்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும். உக்காரு" என்றார். செல்வின் உட்காரவில்லை. "அப்ப மருந்து இல்லியா சார்?" என்று மறுபடி கேட்டான். விளையாட்டு வாத்தியார் வந்து அவன் காலரைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

அன்று நான் சிரித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அழவும் இல்லை. அது என் கேள்வி, அதை இவன் கேட்டுவிட்டானே என்று நினைத்தேன். அந்தக் கேள்வியை எத்தனை நாளாக உள்ளே வைத்துக்கொண்டு, டிவியில் டாக்டர்கள் வந்தால் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் தெரியுமா? எவன் கேட்டாலும் எனக்கும் சேர்த்துத்தான் பதில் கிடைக்கும் என்பது அப்போது புத்தியில் உறைக்கவே இல்லை. அவன் முந்திக்கொண்டான் என்பதுதான் உறைத்தது.

மறுநாள் செல்வினின் அம்மாவை வரச்சொல்லியிருந்தார்கள். கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது. பிரின்சிபால் அறை எங்கள் வகுப்புக்கு நேர் கீழே. பேசியது காதில் விழவில்லை. பிற்பாடு செல்வின் சொல்லித்தான் தெரியும். டிசி கொடுத்துவிடலாம் என்றுதான் பிரின்சிபால் முதலில் இருந்திருக்கிறார். கணக்கு சார்தான் குறுக்கே விழுந்து, இவன் இருநூற்றுக்கு இருநூறு எடுக்கக்கூடிய பையன், பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வரும் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில், இனி வகுப்புக்கு வர வேண்டாம், பொதுப்பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று முடிவாயிற்று. செல்வினின் அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். "பரிச்ச எழுத விடுவியள்லா சார்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

நான் மேலே ஜன்னலோரம் இருந்தேன். இருவரும் வெளியே வந்தார்கள். எல்லா ஜன்னலிலும் தலைகள். பிளஸ் டூ படிக்கிற, தன்னைவிட உயரமான மகனின் கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையை ரோட்டைத் தாண்ட வைக்கிற மாதிரி லாரிகளுக்கு நடுவே கையைக் காட்டித் தாண்டவைத்தார். நேராக வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். பேக்கரிக்குள் போனார்கள். வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பப்ஸ் வாங்கினார்கள். செல்வின் சாப்பிடவில்லை, அழுதுகொண்டிருந்தான். அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, தன்னுடைய பப்ஸில் ஒரு துண்டு பிய்த்து அவன் வாயில் வைத்தார். பிறகு என்னவோ சொன்னார். அவன் சிரித்தான். அழுத மூஞ்சியோடு சிரித்தான்.

நான் உள்ளே பத்திரமாக இருக்கிறேன். என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. என் அப்பா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர். வெளியே துரத்தப்பட்டவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பப்ஸ் தின்கிறான். நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அவனிடம் இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் யாரென்று தெரிந்த பிறகும் ஊட்டிவிடுகிற கை ஒன்று அவனுக்கு இருக்கிறது.

அன்று மாலை எங்கள் வீட்டிலும் விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னார். "அந்தத் தெக்கத்திப் பையன் பக்கமே போவக் கூடாது, சாமி. ஒட்டிக்குமாமா."

"செரீங்ம்மா" என்றேன். எனக்கு ஏற்கெனவே ஒட்டியிருப்பதை எப்படிச் சொல்வது?

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செல்வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குற்றத்துக்காகக் கார்த்தியைப் பிரின்சிபால் கூப்பிட்டு விசாரித்தார். "உங்கிட்ட எதாச்சும் தப்பா நடந்துக்கிட்டானா?" என்று கேட்டாராம். "இன்டெக்ரேஷன் சொல்லிக் குடுப்பானுங்க சார்" என்றானாம் இவன். அவர் கார்த்தியை வகுப்புக்குக் கூட்டிவந்து, சுற்றிப் பார்த்து, என்னைக் காட்டினார். "இவன் பக்கத்துல உக்காரு. ஒழுக்கமான பையன்."

இரண்டு வருடம் எந்த இடத்துக்காக ஏங்கினேனோ அந்த இடத்தைப் பிரின்சிபாலே கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். கார்த்தி பையைப் போட்டு உட்கார்ந்தான். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தான். நான் மூச்சுவிடாமல் காத்திருந்தேன். அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவைத்தான்.

"அவன் என்னடா தப்புப் பண்ணுனான்? மருந்துதானே கேட்டான்?" என்றான்.

அந்த வாரம் முழுக்க அவன் தூங்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவன் மனதில் இருந்தது செல்வின். அந்தக் கோபமும் எனக்கு வந்தது, என்ன செய்ய.

சனிக்கிழமை மதியம், "வீரபாண்டிக்குப் போலாமா? நோட்ஸ் குடுக்கோணும்" என்று கார்த்தி கேட்டான். அம்மாவிடம் டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செல்வின்மேல் இரக்கம் ஒரு பங்கு, கார்த்தியின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவது மூன்று பங்கு.

லைன் வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி ஒற்றை ஒற்றை அறைகள். வாசலில் சாயத்தண்ணீர் ஓடுகிற ஓடை, அன்று அது கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. செல்வினின் அம்மா எங்களைப் பார்த்ததும், "வாங்கய்யா, வாங்க. உள்ள வாங்க" என்று பாயை விரித்தார். எங்களிடம் எதையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தையும் திட்டவில்லை. கருவாட்டுக் குழம்பு போட்டுச் சோறு கொடுத்தார். எங்கள் வீட்டில் கருவாடு வாசல்படி ஏறாது. கார்த்தி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டதும் பாயிலேயே சாய்ந்து குறட்டை விடத் தொடங்கிவிட்டான்.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். செல்வின் கார்த்தியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒனக்கு இவனப் புடிக்கும்லா?" என்றான்.

கார்த்தி தூங்குகிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். "ஏன்டா அப்படிக் கேக்கறே?"

"பின்னால இருந்து என் பெடரியவே மொறச்சுக்கிட்டு இருப்ப. எனக்கு முதுகு எரியும்ல."

"உனக்குந்தானே புடிக்கும்?" என்றேன். என்னை அறியாமல் அந்த 'உனக்கும்' வந்துவிட்டது.

செல்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இவனயா? ஏல, கொறட்டையக் கேட்டியா? ஊரே எந்திரிச்சிரும். எனக்கு இவம் ஒரு பிரண்டு, அம்புட்டுத்தான்." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஊருலயே நான் ஒருத்தன்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேம்ல. அதாம் மருந்து கேட்டேன். நீயும் இருக்கன்னு தெரிஞ்சிருந்தா கேட்டுருக்க மாட்டேன்."

அவன் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டான். தண்ணீர்க் குடத்தோடு அவன் அம்மா திரும்பி வந்துவிட்டார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குடத்தை இறக்கிவைத்து, "டீ போடட்டா?" என்றார்.

"உங்கம்மாவுக்கு..." என்று நான் மெல்லக் கேட்டேன்.

"தெரியும். பேக்கரியில வச்சுச் சொன்னேன். மறுபடி மறுபடி கேட்டாவ, நெசமாவான்னு. ஆமான்னேன். கர்த்தர் தெரியாமயா படைச்சிருப்பாரு, நீ தின்னுன்னுட்டாவ."

நான் அவன் வீட்டு டீயைக் குடித்தேன். வாழ்நாளில் முதல்முறையாக என்னைப் பற்றித் தெரிந்த ஒருவன் எதிரில் உட்கார்ந்து குடித்த டீ. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடவே, இந்தப் பத்தடி அறைக்குள் ஒருவன் எதையும் மறைக்காமல் தூங்கி எழுகிறானே என்ற ஆத்திரமும் இருந்தது. எங்கள் வீடு மாடி வீடு. எனக்கென்று தனி அறை, அதற்குத் தாழ்ப்பாள்.

பரீட்சை வந்தது. செல்வின் பரீட்சைக்கு மட்டும் வந்து, ஹாலில் கடைசி மேசையில் எழுதிவிட்டு, யாரிடமும் பேசாமல் போனான். ரிசல்ட் வந்தபோது கணக்கில் இருநூறு. பள்ளிக்கூடம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய பிளெக்ஸ் வைத்தது. வகுப்புக்குள் வரக்கூடாது என்று சொல்லப்பட்ட பையன் ஊரே பார்க்கும்படி அங்கே சிரித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் பிரின்சிபால் கைகூப்பியபடி. எனக்குக் கணக்கில் நூற்று முப்பத்தொன்று. அந்த பிளெக்ஸைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செல்வின் சென்னைக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையில் அமர்ந்தான். கார்த்திக்குக் கல்யாணமாகி, இரட்டைக் குழந்தைகள் பிறந்து, பல்லடத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். இப்போதும் மதியம் தூங்குகிறான். செல்வினும் நானும் எப்போதாவது போனில் பேசுவோம். அருண் என்று ஒருவனைப் பார்த்தேன் என்றான் ஒருமுறை. இருவரும் ஒரே வீடு எடுத்துவிட்டோம் என்றான் இன்னொரு முறை. நான் "சந்தோஷம்டா" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க ஆபீஸில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு விடியற்காலையில் கூப்பிட்டான். "அம்மா போயிட்டாவல" என்றான்.

கீழே இறங்கி வந்தேன். அம்மா காபி கலந்துகொண்டிருந்தார். "ஆருங் கண்ணு போன்ல?"

"எங்கூடப் படிச்ச செல்வினுங்ம்மா. அவங்க அம்மா தவறிட்டாங்களாமா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தத் தெக்கத்திப் பையனா? பிளக்ஸ்ல போட்டிருந்தாங்களே?"

"ஆமாங்ம்மா."

நான் சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு நின்றிருந்தார். "எழவுக்குத் தனியா எதுக்குப் போறே? நானும் வாறேன்."

வீரபாண்டியில் அதே லைன் வீடு. வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். கம்பெனிப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள், தலையில் அதே பஞ்சுத் தூசி. செல்வின் பெட்டிக்கு அருகில் நின்றிருந்தான். அவன் பக்கத்தில் அருண். வருகிறவர்கள் இருவர் கையையும் பிடித்துவிட்டுப் போனார்கள். யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை, அந்த வரிசைக்கு அது பழகிப்போயிருந்தது. செல்வின் எதையும் சாப்பிடாமல் இருந்திருக்கிறான். அருண் ஒரு பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து அவன் கையில் திணித்து, சாப்பிடும்வரை நகராமல் நின்றான். பிறகு என் அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். "எந்த ஊருங் கண்ணு?" என்று அம்மா கேட்டார். "தஞ்சாவூர்ப் பக்கம்மா" என்றான். நான் செல்வினின் தோளுக்குத் திரும்பிப்போன அருணின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் பார்க்கக்கூடாத பார்வை அது.

திரும்பும்போது காரில் அம்மா கேட்டார்.

"அந்த ரண்டு பசங்களும் ஒண்ணாவே இருக்கறாங்களா?"

"ஆமாங்ம்மா. ரொம்ப வருசமா."

"அந்தம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு ரண்டு பேருக்கும் ஒரே துணியில சட்டை எடுத்துக் குடுப்பாங்களாமா."

"பாத்தேன். இன்னைக்கும் அதத்தான் போட்டிருந்தாங்க" என்றார் அம்மா. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நொய்யல் பாலம் தாண்டியதும், "கரன்ட் பில்லு கட்டோணும், மறந்தராத" என்றார். அத்தோடு சரி.

இப்போது அங்கெல்லாம் எதுவுமில்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டு ஒரு கம்பெனியின் லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. பள்ளிக்கூடம் வேறு கைக்கு மாறி, பிறகு நின்றே போய், நூல் குடோனாக இருக்கிறது. எங்கள் பிளஸ் டூ வகுப்பு ஜன்னல் வரைக்கும் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். எங்களைக் குற்றவாளியாக்கி வைத்திருந்த சட்டமும் போய்விட்டது. அது இருந்தது என்பதே அக்கா மகளுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இல்லாமல் போனது. மாதம் ஒருமுறை ஜாதகக் கட்டோடு வந்து காபி குடித்துவிட்டு, என் வயதையும் பெண்ணின் வயதையும் சரிக்கட்டப் பார்க்கிற தரகர் வருவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பெண் தேடிச் சோர்ந்துபோய்விட்டார் என்றே நினைத்திருந்தேன். போன மாதம் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடை வாசலில் எதிரே வந்தார்.

"ஏனுங்க, ஆளையே காணோம்?" என்றேன்.

"நான் எங்கீங்க தம்பி வர்றது? உங்கம்மாதான் வேண்டாம்னுட்டாங்களே. எம்பையனுக்குப் பொண்ணு பாக்க வேண்டாம், அவன் அவனாட்டமே இருக்கட்டும்னு போன்லயே சொல்லிப்போட்டாங்க."

"எப்பங்க?"

"வீரபாண்டியில ஏதோ எழவுக்குப் போயிட்டு வந்தேன்னாங்க. அன்னைக்குப் பொழுதோட."

அவர் பையை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் பனியன் மூட்டைகளுக்கு நடுவே அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னிடம் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம் சொல்லாததைப் போயும் போயும் அந்தத் தரகரிடம் சொல்லியிருக்கிறார். அதை அம்மாவின் குரலில், அம்மாவின் வாயிலிருந்து, அந்த மனிதர் கேட்டிருக்கிறார். அவர்மேல் எனக்கு வந்த பொறாமை இன்னும் அடங்கவில்லை.